கன்னியம்மாளின் மஞ்சள் தாலி விஷயமாக ஊராருக்கு

1

சென்னீர்குப்பத்திலும் பூந்தமல்லியிலும் என்னைத் தெரிந்தவர்களுக்கும், தெரியாமலே சில மாதங்களாக என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஏகாம்பரத்தின் வணக்கம். நானும் என் குடும்பமும் பர்மாவின் வடக்கு மலையில் சுகமாக இருக்கிறோம். இங்கே இப்போது குளிர் காலம். தேங்காய் எண்ணெய் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் தலைக்குத் தடவ முடியும். கம்பெனி சங்கு ஊதும்போது வாசலில் நின்றால் வாயிலிருந்து புகை வருகிறது. பீடி பிடிக்காதவனுக்கு அது ஒரு வேடிக்கை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பூந்தமல்லி பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தபோதும், பதில் தெரிந்த கேள்விக்குக் கூட எழுந்து நிற்கக் கூசிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பேன். தலை நரைத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அப்படிப்பட்டவன் அச்சில் வரும்படி எழுதத் துணிந்ததற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு விருந்தாளி.

அவன் பெயர் காத்தவராயன். வேலப்பன்சாவடிக்காரன். சுரங்கத்தில் வேலைக்காகப் புதிதாகக் கப்பலேறி வந்தவன். ஊர்க்காரன் என்று சாப்பிடக் கூப்பிட்டோம். சோறு பரிமாறக் குனிந்த என் மனைவி கன்னியம்மாளின் கழுத்தையே அவன் பார்த்தான். ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. பொட்டுப் பொன் இல்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணாத்தே, அப்போ ஊர்ல பேசிக்கிறது நெசந்தானா?" என்றான்.

"இன்னா பேசிக்கிறாங்க?"

"அத்த எப்டி என் வாயால சொல்றது? நீ அண்ணியோட தாலிய வித்து சாராயம் குட்ச்சிட்டியாம். வேணான்னு அழுதுகினு காலப் புட்சாங்களாம் அண்ணி. எட்டி ஒதச்சியாம்."

கன்னியம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "இவுரா? யோவ், இவுருக்கு மோரு புளிச்சாலே தல சுத்தும்யா! ஒதைக்கறதுக்கு மொதல்ல கால தூக்கணுமே!"

சிரிப்பு அடங்காமல் சமையலறைக்குள் போய் அங்கேயும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தை மாதம் நாங்கள் ஊருக்கு வருகிறோம். என் அக்கா சிந்தாமணியின் மகளுக்குக் கல்யாணம். ஊர் முழுக்க இந்தப் பேச்சு இருந்தால் நான் எந்த முகத்தோடு பந்தலில் உட்காருவேன்? வாயால் சொல்ல எனக்கு வராது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கன்னியம்மாளின் தாலி இந்தச் சுரங்கத்தோடு சம்பந்தப்பட்டது. சுரங்கத்தைச் சொல்லாமல் தாலியைச் சொல்ல முடியாது.

2

இந்தச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று கம்பெனி ஆபீசில் படம் மாட்டியிருக்கிறார்கள். அது முக்கால்வாசி உண்மை. மீதியை என் மைத்துனன் முனுசாமியைக் கேட்டால் சொல்லுவான். கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

முனுசாமி கன்னியம்மாளின் அண்ணன், ஐயப்பன்தாங்கல்காரன். பூந்தமல்லி பட்டாளத்துக் குடியிருப்பில் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் பழகி, பிறகு ரோடு அளக்கிற ஒரு துரையோடு பர்மாவுக்கு வந்தவன். துரைக்கு ரொட்டி சுட்டாலும் தனக்குத் தோசைதான் வேண்டும் என்று பூந்தமல்லி சந்தையில் வாங்கிய இரும்புத் தோசைக்கல்லைக் கோவேறு கழுதை முதுகில் கட்டிக்கொண்டே மலை மலையாகத் திரிந்திருக்கிறான்.

இந்த மலை அடிவாரத்தில் கூடாரம் அடித்திருந்தபோது கல் அடிப்பிடித்துவிட்டது. ஊறட்டும் என்று ஓடையில் போட்டு, மேலே பாறாங்கல் வைத்துவிட்டு வந்தான். மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. பிறகு போய் எடுத்தால் கறுப்புக் கல் செக்கச் செவேல் என்று இருக்கிறது, புதுச் செம்புப் பானை மாதிரி.

முனுசாமி என்ன நினைப்பான்? யாரோ தன் கல்லைத் திருடிக்கொண்டு வேறு ஒன்றை வைத்துவிட்டான் என்று கழுதைக்காரர்கள் மேல் பாய்ந்தான். "எவன்டா என் தோசக்கல்ல மாத்தினது? மரியாதையா குட்த்துடு!" அவர்கள் இந்த மலைப்பக்கத்து ஷான் சாதிக்காரர்கள். தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் புரியுமல்லவா? அவர்களும் பதிலுக்கு ஆரம்பித்தார்கள். கூச்சல் கேட்டு வெளியே வந்த துரை கல்லை வாங்கிப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார். சிவப்பு உரிந்தது. உள்ளே பழைய இரும்பு.

துரைக்குப் புரிந்துவிட்டது. செம்பு கரைந்து வருகிற தண்ணீரில் இரும்பைப் போட்டால் இரும்பின் மேல் செம்பு படியுமாம். அவர் காலைச் சாப்பாட்டைக் கூட மறந்து ஓடையை எதிர்த்து ஏறினார். மேலே மலைச்சரிவு முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கசிந்து கிடந்தது. அந்தச் சரிவில் எது நட்டாலும் வராது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எப்போதும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தோசைக்கல் இப்போது ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே இங்கிலீஷில் 'இரும்புத் தகடு' என்று எழுதியிருக்கிறார்கள். முனுசாமி வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய் நின்று, "தகடாம் தகடு. என் கல்லக் குடுங்கடா, நானு தோச சுட்டுத் தின்னு எத்தினி வருசமாச்சி" என்று சொல்லிவிட்டு வருகிறான்.

3

கம்பெனி மலையைக் குடையத் தொடங்கியதும் முனுசாமி எங்களுக்குச் சொல்லியனுப்பினான். அப்போது நான் பூந்தமல்லியில் ஒரு அரிசி மண்டியில் மூட்டைகளின் மேல் மையால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கேயும் அதே வேலை, மூட்டைக்குப் பதில் கல் வைத்த சின்னத் துணிப்பை, அவ்வளவுதான் என்றான். நம்பி வந்தோம். மகள் செல்லத்துக்கு அப்போது மூன்று வயது.

ரங்கூன் துறைமுகத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, அம்மை குத்திய தழும்பைப் பார்த்து, மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொல்லி, பெயர் கேட்டார்கள். நான் பேசுவதற்குள் குமாஸ்தா எனக்கு ஒரு பெயரை எழுதிவிட்டார். என் அப்பா பெயரை எனக்கும், என் பெயரை அப்பாவுக்கும் கொடுத்திருந்தார். திருத்தச் சொல்ல எனக்குக் கூச்சம். பின்னால் வரிசை வேறு நீளம். கம்பெனி கணக்கில் இன்றைக்கும் நான் என் அப்பாவுக்கு அப்பாதான்.

நான் வேலை செய்யும் இடத்துக்குச் சோதனைக் கொட்டகை என்று பெயர். சுரங்கத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கல் வெட்டி வரும். அதை உடைத்து, மாவு போல அரைத்து, சலித்து, ஒரு பிடி எடுத்துப் பைகளில் கட்டுவோம். பையின் மேல் நம்பர் எழுதுவது நான். அந்தப் பிடியை நெருப்பில் உருக்கி, இதில் செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று சொல்லுகிறவர் ஒரு துரை. மூசை என்கிற மண் கிண்ணத்தில் வைத்து உருக்குகிறவர் என்பதால் நாங்கள் அவரை மூசைத் துரை என்போம். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவரும் என்னைப் போல அதிகம் பேச மாட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் வருஷக்கணக்காகத் தலையாட்டலிலேயே வேலை நடந்திருக்கிறது.

கல்லை அரைப்பதுதான் கஷ்டம். பெரிய இரும்புத் தட்டில் கல் பொடியைக் கொட்டி, கனமான இரும்புக் கட்டையால் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். ஆண்கள் அரைத்தால் நறநற என்று நிற்கும். ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டு வந்த கன்னியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இது அம்மிதானேயா? தள்ளு" என்று புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மிளகாய் அரைக்கிற மாதிரி முழு உடம்பையும் முன்னால் கொடுத்து அரைத்தாள். விரலில் எடுத்தால் கோலமாவு. துரை அந்த மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மறுநாள் முதல் அவளுக்கு அங்கே வேலை. பிறகு மா தீன் என்ற பர்மாக்காரப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினாள். ஒருத்தி தமிழில் பேசுவாள், ஒருத்தி பர்மியத்தில் பேசுவாள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4

முதலில் செம்பு மட்டும்தான் தெரிந்தது. பிறகு பொன்னும் தெரிந்தது. அதுவும் கொஞ்சமில்லை, வரவர அதிகம். துரையின் தாளில் நம்பருக்கு நேரே பொன் ஏறிக்கொண்டே போயிற்று. லண்டன் கம்பெனிக்குத் தந்தி பறந்தது. செம்பு மட்டும் என்றால் இத்தனை மலை தாண்டி ரயில் பாதை போடக் கட்டுப்படியாகாது. பொன்னும் சேர்ந்தால் கட்டுப்படியாகும். ரயில் வரும், உலை வரும், ஆஸ்பத்திரி வரும், எங்களுக்கெல்லாம் ஓட்டு வீடு வரும். இல்லையென்றால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் அவரவர் ஊருக்கு. மழை தொடங்குமுன் முடிவு சொல்ல வேண்டும் என்று லண்டனிலிருந்து கேட்டிருந்தார்கள்.

மூசைத் துரைக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. முகம் சுண்டிப் போய்த் திரிந்தார். ஒரு நாள் முனுசாமியிடம், அவன் அடுப்புக் கல்லில் ஒன்றை உடைத்துக் கொண்டுவரச் சொன்னார். அது ஆற்றங்கரையில் கிடந்த வெறும் கல். அதை மற்றப் பைகளோடு கலந்து கன்னியம்மாளிடம் அரைக்கக் கொடுத்தார். அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்கும் தெரியாது. நம்பர் எழுதினேன்.

மறுநாள் தாள் வந்தது. அடுப்புக் கல்லிலும் பொன்!

முனுசாமி அந்தப் பக்கம் தேநீர் கொண்டு வந்தவன், அதைக் கேட்டதும் தட்டை வைத்துவிட்டு ஓடினான். நான் பின்னாலே போய்ப் பார்த்தால் மீதி இருந்த இரண்டு அடுப்புக் கல்லையும் வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"மச்சான், அது வெறும் கல்லு" என்றேன்.

"போ மாப்ளே. அப்டித்தான் தோசக்கல்லையும் சொன்னானுங்க. அத்த உட்டுட்டேன். இத்த உட மாட்டேன்."

அன்றைக்குத் துரைமார்களுக்குச் சூடான சாப்பாடு இல்லை.

மூசைத் துரை கொட்டகைக்கு வந்து தட்டு, சல்லடை, பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கன்னியம்மாள் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் சாயும்போதெல்லாம் தாலி புடவைக்குள்ளிருந்து நழுவி இரும்புத் தட்டின் மேல் விழுந்து, கல் பொடியில் உரசி, பின்னால் சாயும்போது மேலே போயிற்று. நானும் தினம் பார்த்ததுதான். துரை குனிந்து, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தாலியைக் காட்டும்படி சைகை செய்தார். கன்னியம்மாள் கயிற்றைப் பிடித்து நீட்டினாள். என் நைனா பூந்தமல்லி பத்தரிடம் செய்து போட்ட பொட்டுத் தாலி. விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஓரத்தில் பத்தர் கொத்தியிருந்த புள்ளிகள் பாதிக்கு மேல் காணோம்.

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று, தேய்ந்த பொன் கல் பொடியோடு பைக்குள் போயிருக்கிறது. பொன் மலையில் இருக்கிறதா, என் மனைவியின் கழுத்தில் இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

5

தெரிய வேண்டும் என்றால் தாலி கழற்றப்பட வேண்டும். இதைக் கன்னியம்மாளிடம் சொல்லும் பொறுப்பைத் துரை என்னைப் பார்த்து ஒரு தலையாட்டலில் எனக்குக் கொடுத்துவிட்டார். எப்போதும் நானும் பதிலுக்குத் தலையாட்டுவேன். அன்றைக்கு ஆட்டவில்லை.

நான் முனுசாமியைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"கன்னி, கோச்சிக்காதே. தொரை இன்னா சொல்றாருன்னா, அந்தத் தாலிய கொஞ்ச நாளிக்கி…"

"கொஞ்ச நாளிக்கி?"

"கயட்டி வெக்கணுமாம்."

கொட்டகையில் சல்லடை சத்தம் நின்றது. கன்னியம்மாள் கையிலிருந்த இரும்புக் கட்டையைக் கீழே வைக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயம்.

"கட்னவரு கண்ணு முன்னாடி கல்லு மாதிரி நிக்கறாரு. உசுரோட கீறாரு. நானு எதுக்குக் கயட்டணும்? அப்டித்தான் அரைக்கணும்னா அவுரு கம்பெனி எனக்கு வேணாம். ஊருக்குப் போய் மொளகா அரைச்சிக்கறேன்."

முனுசாமி இதை இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் சொன்னான். அவள் சொன்னதில் பாதி கூட அதில் இருந்திருக்காது. துரை ஏதோ தயவாகப் பேசினார். தங்கச்சி வேண்டுமானால் வேறு வேலை பார்க்கட்டும், ஆனால் இத்தனை நாள் அரைத்ததெல்லாம் சந்தேகத்தில் நிற்கிறது, அதே கை, அதே தட்டு, பொன் மட்டும் இல்லாமல் மறுபடி அரைத்தால்தான் லண்டனில் நம்புவார்கள் என்று முனுசாமி மொழிபெயர்த்தான். இல்லாவிட்டால் மலையை மூடிவிடுவார்கள்.

கன்னியம்மாள் துரையை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை துரையின் கையில் போய் நின்றது.

"அண்ணே, தொரைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி. சம்சாரம் சீமையில கீது."

"அந்த மோதரம் அவுங்க போட்டதா?"

"ஆமா. அவுங்க வயக்கம் அதான்."

"நானு அரைக்கற மாவையெல்லாம் வெரலால தொட்டுத் தொட்டுத்தானே பாக்கறாரு? அப்போ அவுரு மொதல்ல கயட்டட்டும். அவுரு பொண்டாட்டி பொன்னு மட்டும் ஒட்டாதா?"

முனுசாமி இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றான். மா தீனுக்கு எப்படிப் புரிந்ததோ, அவள் துரையின் விரலைக் காட்டி, கழற்றுவது போலச் சைகை செய்துவிட்டாள். துரையின் முகம் காது வரை சிவந்துபோயிற்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கழற்று என்று சொல்லுவது எவ்வளவு சுலபமாக இருந்தது அவருக்கு, கழற்ற வேண்டியது அவருடையதாக ஆகும் வரையில்!

ஆனால் நல்ல மனுஷன். கையை முன்னால் கொண்டு வந்தார். பிறகு மோதிரத்தைத் திருகினார். அது வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லையாம். முனுசாமி சவர்க்காரம் கொண்டு வந்தான். வரவில்லை. நல்லெண்ணெய் கொண்டு வந்தான். கடைசியில் முனுசாமி விரலைப் பிடித்துக்கொள்ள, நான் துரையின் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, மா தீன் மோதிரத்தை இழுக்க, சறுக்கிக்கொண்டு வந்தது. விரலில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, குழந்தை விரல் மாதிரி இருந்தது.

துரை மோதிரத்தைக் கன்னியம்மாளிடம் நீட்டிக் காட்டினார்.

கன்னியம்மாள் இரும்புக் கட்டையைக் கீழே வைத்தாள். "சரி. ஆனா வெறுங்கயுத்தா ஒரு நிமிசம் கூட நிக்க மாட்டேன். மஞ்சக் கெயங்கு கொண்டாங்க. அத்த கட்டிட்டுத்தான் இத்த கயட்டுவேன். இவுருதான் கட்டணும். இங்கியே. எல்லாரும் பாக்க."

6

என் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நினைவிருக்கக் கூடாது என்று எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் கை நடுங்கிய நடுக்கத்தில் முதல் முடிச்சே விழவில்லை. கெட்டி மேளம் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மேளக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, நான் கயிற்றோடு தடவிக்கொண்டிருக்கிறேன். அக்கா சிந்தாமணிதான் என் கையைத் தட்டிவிட்டு மூன்று முடிச்சையும் தானே போட்டாள். "கட்னது நானு, குடும்பம் நட்த்தறது அவன்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்போது மறுபடியும். மா தீன் ஓடிப்போய்த் தன் தோட்டத்திலிருந்து பச்சை மஞ்சள் கிழங்கு மண்ணோடு பிடுங்கி வந்தாள். முனுசாமி பை கட்டுகிற நூலை முறுக்கி மஞ்சள் தேய்த்துக் கயிறாக்கினான். கல் உடைக்கிறவர்கள், வண்டி தள்ளுகிற ஷான்காரர்கள், சீனத் தச்சர், ஆபீஸ் குமாஸ்தா எல்லாரும் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மேளத்துக்குப் பதில் ஒருவன் தகர டின்னைத் தட்டினான். என் மகள் செல்லம் ஒரு கல் மூட்டையின் மேல் ஏறி நின்று பார்த்தாள்.

எனக்குக் காதில் வண்டு சத்தம். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தவாட்டி ஒங்க அக்கா இல்லய்யா. நீயே கட்டு. ஓட மாட்டேன், நிதானமா கட்டு."

கட்டினேன். முதல் முடிச்சு விழுந்தது. நானே போட்டேன், இறுக்கமாகவே போட்டேன். மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டுமே, நாத்தனாருக்கு எங்கே போவது? கன்னியம்மாள் கையை நீட்டி மா தீனை இழுத்தாள். அவள் போட்டாள். விஷயத்தை விளக்கிச் சொன்னபோது, நாத்தனாருக்குச் சீர் உண்டு என்பது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. இன்றுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களிடம் புடவை வாங்கிக்கொள்கிறாள். கூட்டம் கை தட்டிற்று.

அதன் பிறகுதான் கன்னியம்மாள் பொன் தாலியை முடிச்சு அவிழ்க்காமல் தலைவழியாகக் கழற்றினாள். அதுவும் மோதிரமும் ஒரே தகர டப்பாவில் போய்ப் பூட்டப்பட்டன. துரை வெறும் விரலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பாவம், தொரை மூஞ்சப் பாரு" என்றாள் கன்னியம்மாள். "அண்ணே, அந்தக் கவுறு மீதி கீதில்ல? அத்த அவுரு வெரல்ல கட்டி உடு."

துரை விரலை நீட்டினார். மழை வரும் வரையில் அவர் அந்த மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தார்.

7

அடுப்புக் கல்லை மறுபடி அரைத்தாள் கன்னியம்மாள். மூசையில் பொன் இல்லை. முனுசாமி இரண்டு கல்லையும் அடுப்பில் திரும்ப வைத்தான். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பிறகு மலைக் கற்கள். ஒவ்வொரு பையாக மறுபடியும் அரைத்தார்கள். முதல் தாளை எடுத்துக்கொண்டு துரை வந்தபோது நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். என் கையிலிருந்த மைத்தூரிகை பைக்குப் பதில் என் வேட்டியில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தது. துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பொன் இருந்தது. முன்பு சொன்னதில் பாதியளவுதான், ஆனால் மலையின் சொந்தப் பொன். செம்போடு சேர்த்துப் பார்த்தால் போதும் என்று லண்டனில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் ரயில் வந்தது. அதற்கடுத்து உலை வந்தது. இப்போது மலையின் பாதியைக் காணோம். எங்கள் ஓட்டு வீட்டு வாசலில் நின்றால் உலையின் புகை தெரிகிறது, அதன் கீழே ஆயிரக்கணக்கான ஜனம் பிழைக்கிறது.

பழைய பைகளில் இருந்த பொடியை உருக்கியபோது கிடைத்த பொன்மணிகளைத் துரை தூக்கிப்போடாமல் சின்னச் சின்னப் புட்டிகளில் வைத்திருந்தார். கன்னியம்மாள் அரைத்தவற்றின் மணிகளையெல்லாம் சேர்த்து உருக்கி, கடுகை விடச் சிறிய ஒரு குண்டு செய்து, காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள், பறந்துவிடுமே என்று.

"ஒங்க நைனா போட்டது இம்மாம் பெருசு. தொரை தேச்சிக்கினு திருப்பிக் குடுக்கறது இத்தினியூண்டு. நல்லா கீதுயா நியாயம்!" என்றாள். ஆனால் அதை மூக்குப்பொடி டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதில் மலைப்பொன்னும் கொஞ்சம் கலந்திருக்கும். எது எங்கள் பொன், எது மலைப் பொன் என்று இனிமேல் எந்தத் துரையாலும் பிரிக்க முடியாது.

அன்று முதல் சோதனைக் கொட்டகைக்குள் பொன் போட்டுக்கொண்டு யாரும் வரக் கூடாது என்று சட்டம். தமிழ்ப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் தாலிதான். வெள்ளிக்கிழமைகளில் பொன்னைக் கட்டிக்கொள்வார்கள். பொன் தாலி டப்பாவோடு திரும்பி வந்த பிறகும் கன்னியம்மாள் மட்டும் வெள்ளிக்கிழமையிலும் மஞ்சளையே கட்டுகிறாள். கேட்டால், "அது ஒங்க அக்கா கட்னது. இது நீ கட்னது" என்கிறாள். ஊராரே, தாலி போன கதை இதுதான். சாராயம் எங்கேயும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்லத்துக்கு இப்போது பதினொரு வயது. கன்னத்தில் சந்தனம் போல எதையோ அரைத்துப் பூசிக்கொள்கிறாள். மீன் கருவாட்டு விழுதைப் பிசைந்து சாப்பிடுகிறாள். எதைக் கேட்டாலும் பர்மியத்தில் ஆமாம் போடுகிறாள். அதையெல்லாம் நீங்கள் மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாகப் பார்க்கிற எல்லாரிடமும் அவள் முதலில் சொல்லுவது, "எங்க நைனா அம்மா கல்யாணத்த நானு மூட்ட மேல நின்னுகினு பாத்தேன்" என்பது. பூந்தமல்லியில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு இப்போதே வியர்க்கிறது. அவள் சொல்லுவது உண்மை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று மூட்டை கட்டும்போது கன்னியம்மாளிடம் கேட்டேன். "ஊர்ல எறங்கறப்போ மட்டும் அந்தப் பொன்னக் கட்டிக்கயேன். பேச்சு நின்னுடும்."

"மாட்டேன். மஞ்சளோடதான் எறங்குவேன். கேக்கட்டும். கேட்டாத்தானே சொல்லலாம்?"

அவள் சொல்லுவதோடு நிறுத்துகிறவள் இல்லை என்பதுதான் என் கஷ்டம். இங்கே புதுக் குடும்பம் யாராவது வந்து கேட்டால், என்னை எழுப்பி நிறுத்தி, கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, "எப்டி கட்னேன்னு காட்டுய்யா" என்கிறாள். செல்லம் டின் தட்டுகிறாள். மா தீன் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறாள்.

ஆகவே யாரும் எங்களிடம் எதுவும் கேட்க வேண்டாம். எல்லாம் இதில் இருக்கிறது. முக்கியமாக அக்கா சிந்தாமணி கேட்க வேண்டாம். உன் முடிச்சை நாங்கள் அவிழ்க்கவில்லை, டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு தடவை கட்டச் சொன்னாலும் கட்டுவேன், இப்போதெல்லாம் கை நடுங்குவதில்லை. ஆனால் பூந்தமல்லி சந்தை நடுவில் வேண்டாம். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், கதவைச் சாத்திவிட்டு.